லைசோசைம்: ஆய்வகத்தில் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களின் குளிர்பதனப் பெட்டியில் அநேகமாக எப்போதும் இருக்கும் வெள்ளைத் தூள் லைசோசைம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், எளிதில் கெடாது என்பதாலேயே இதன் லேபிளை யாரும் கவனமாகப் படிப்பதில்லை. சோதனை பிழைத்த பிறகுதான் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆய்வு மாணவர்களும் ஆய்வக உதவியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

லைசோசைம் என்பது என்ன?

நோயெதிர்ப்பு மண்டலத்தின் முதல் அரண்களில் ஒன்றாக இருக்கும் நொதி இது. கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால், மூக்குச்சளி ஆகியவற்றிலும், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் துகள்களிலும், மேக்ரோஃபேஜ் செல்களிலும், சிறுகுடலின் பானெத் செல்களிலும் இது உள்ளது. மனிதக் கண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் இருக்கும். நொதி ஒன்றுக்கு அது மிகப் பெரிய அளவு.

ஆய்வகங்களுக்கு விற்கப்படுவதில் பெரும்பகுதி கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதில் 129 அமினோ அமிலங்களும் நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளும் உள்ளன. மூலக்கூறு எடை ஏறத்தாழ 14.3 கிலோடால்டன். மின்சமநிலைப் புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச், 11க்கு அருகில் இருப்பதால், வழக்கமாகப் பயன்படும் எல்லா பஃபர்களிலும் இது வலுவான நேர்மின்னூட்டத்துடன் இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி அதிலிருந்தே பிறப்பவை.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

பெனிசிலினால் பின்னர் உலகப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், 1921ஆம் ஆண்டின் இறுதியில் தமக்குச் சளி பிடித்திருந்தபோது தம் மூக்குச்சளியையே வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்த்தார். தட்டில் வளர்ந்திருந்த மஞ்சள் நிற நுண்ணுயிரி சளி பட்ட இடத்தைச் சுற்றிக் கரைந்து மறைந்தது. 1922இல் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கரைதலைக் காட்டிக்கொடுத்த அந்த நுண்ணுயிரிக்கு மைக்ரோகாக்கஸ் லைசோடெய்க்டிகஸ் என்று பெயரிடப்பட்டது. இன்றைய வகைப்பாட்டில் அது மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்ற இனத்தில் அடங்கும். ஆனால் நொதி விற்போரின் லேபிள்களில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. நூறாண்டுகள் கடந்தும் நொதியின் வேகத்தை அளக்க நாம் பயன்படுத்துவது அதே நுண்ணுயிரியைத்தான்.

இது எதை, எந்த இடத்தில் வெட்டுகிறது?

பாக்டீரியாவின் செல்சுவரான பெப்டிடோகிளைக்கானில் இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோக்கப்பட்டுள்ளன: என்-அசிட்டைல் மியூரமிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன். முன்னதன் முதல் கார்பனுக்கும் பின்னதன் நான்காம் கார்பனுக்கும் இடையிலுள்ள பீட்டா-1,4 பிணைப்பை லைசோசைம் நீராற்பகுக்கிறது. சுவர் தளர்ந்ததும், உள்ளிருக்கும் சவ்வூடுபரவல் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் செல் வெடிக்கிறது. சுற்றியுள்ள கரைசலில் சுக்ரோஸ் போதிய அளவு இருந்தால் வெடிக்காது, உருண்டையாக நிற்கும். 1953இல் வைபுல் என்ற ஆய்வாளர் பேசில்லஸ் மெகடீரியத்தின் கோல்வடிவச் செல்களை இப்படி உருண்டைகளாக மாற்றிக் காட்டியபோதுதான், பாக்டீரியாவுக்கு வடிவம் தருவது சுவரே என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மையாயிற்று.

நொதியின் பிளவுக்குள் குளுட்டமிக் அமிலம் 35, அஸ்பார்டிக் அமிலம் 52 என்னும் இரண்டு பக்கச் சங்கிலிகள் வேலையைச் செய்கின்றன. இடையில் உருவாவது நீடித்து நிற்கும் அயனி என்று டேவிட் ஃபிலிப்ஸ் முன்வைத்த கருத்து பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. அஸ்பார்டிக் அமிலம் 52 சர்க்கரையோடு சகப்பிணைப்பில் இணைந்த இடைநிலை ஒன்று உண்டு என்பதற்கான நேரடிச் சான்றை ஸ்டீபன் விதர்ஸ் குழுவினர் 2001இல்தான் காட்டினர். பழைய பதிப்பு நூல் கையில் இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் திருத்திப் படிக்க வேண்டும்.

அப்படியானால் இது புரதத்தை வெட்டும் நொதி இல்லையா? என் புரதத்தைச் சிதைக்காதா?

சிதைக்காது. இது சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதி. புரதச்சிதைவுத் தடுப்பான்களைச் சேர்த்தாலும் இதன் வேலை நிற்காது. லைசோசைம் சேர்த்த பிறகு உங்கள் புரதம் துண்டுதுண்டாகத் தெரிந்தால், உடைந்த செல்லிலிருந்து வெளிவந்த புரோட்டியேஸ்களையே ஐயப்பட வேண்டும்.

நோய்க்கிருமிகள் பலவற்றை இது கொல்வதில்லையே. பிறகு ஏன் நோயெதிர்ப்பு நொதி என்கிறோம்?

ஃபிளெமிங்கையே சோர்வடையச் செய்த கேள்வி இது. தீங்கற்ற பாக்டீரியாக்களை நொடியில் கரைத்த நொதி, நோய் உண்டாக்கும் பலவற்றின்முன் தயங்கி நின்றது. காரணத்தைத் தலைகீழாகப் பார்த்தால் விளங்கும். கண்ணிலும் தொண்டையிலும் விழும் எண்ணற்ற பாக்டீரியாக்களுள் லைசோசைமுக்குப் பணிந்தவை நோயுண்டாக்கும் வாய்ப்பை இழந்துவிடுகின்றன. பணியாதவை எஞ்சுகின்றன, நாம் நோய்க்கிருமி என்று அழைப்பது பெரும்பாலும் அந்த எஞ்சியவற்றை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் மியூரமிக் அமிலத்தின்மேல் ஓர் அசிட்டைல் தொகுதியைக் கூடுதலாக ஒட்டி, நொதி நெருங்காதபடி செய்துகொள்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு எதிர்த்திசையில், குளுக்கோசமைனிலுள்ள அசிட்டைல் தொகுதியை நீக்கித் தப்புகிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வே கேடயம்.

கொல்வது மட்டுமே இந்த நொதியின் பணி என்றும் இப்போது யாரும் கருதுவதில்லை. அது வெட்டித் தள்ளும் சுவர்த்துண்டுகளை நம் செல்களுக்குள் இருக்கும் நாட்-1, நாட்-2 என்னும் உணர்புரதங்கள் அடையாளம் கண்டு அழற்சிக்கான சமிக்ஞையை எழுப்புகின்றன. நேர்மின்னூட்டம் மிகுந்திருப்பதால், சுவரை வெட்டாமலேயே பாக்டீரியாச் சவ்வைக் குலைக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

கோழி, மனிதன், டி4, டி7: எதை வாங்குவது?

செல்லை உடைப்பதற்கு என்றால் கோழிமுட்டை லைசோசைமே போதும். வேறு எதையும் வாங்குவது பணவிரயம்.

மனித லைசோசைம் 130 அமினோ அமிலங்கள் கொண்டது, எடை 14.7 கிலோடால்டன். மைக்ரோகாக்கஸ் சோதனையில் ஒரு மில்லிகிராமுக்கு அது காட்டும் அலகுகள் கோழியினதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கம். மனித நோயெதிர்ப்பைப் பற்றிய சோதனை, தாய்ப்பால் ஆய்வு, அமிலாய்டு நோய் (புரதம் உறுப்புகளில் நாராகப் படியும் நோய்) ஆய்வு ஆகியவற்றுக்கு இதுதான் பொருந்தும். முன்பு மனிதத் திரவங்களிலிருந்து பிரித்தெடுத்தனர். இப்போது மரபணு மாற்றிய நெல்லின் மணியில் உற்பத்தி செய்யப்பட்டதும் சந்தையில் உண்டு. அரிசியில் விளையும் மனிதக் கண்ணீர் நொதி என்று சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை.

டி4 லைசோசைம் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸிலிருந்து வருவது. 164 அமினோ அமிலங்கள். புரத மடிப்பு ஆய்வுகளில் இதன் திரிபுகள் பெரும்பங்கு வகித்தன. 2007இல் பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பியைப் படிகமாக்குவதற்கு அதனுடன் ஒட்டவைக்கப்பட்ட துணைப்புரதமும் இதுவே. டி7 லைசோசைம் பெயரளவில்தான் லைசோசைம்: அது சர்க்கரைப் பிணைப்பை அல்ல, மியூரமிக் அமிலத்துக்கும் பெப்டைடுக்கும் இடையிலுள்ள அமைடு பிணைப்பை வெட்டுகிறது. பி-லைஸ்-எஸ் பிளாஸ்மிட் கொண்ட ஈ.கோலை வகைகளில் இது செல்லுக்குள்ளேயே சிறிதளவு உருவாகிறது. அந்த வகைகளை ஒருமுறை உறைய வைத்து உருக்கினாலே செல்கள் உடைவது அதனால்தான். அவற்றுக்கு வெளியிலிருந்து லைசோசைம் சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

லேபிளில் உள்ள “அலகு” என்பதற்கு என்ன பொருள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பரவலாக வழங்கும் வரையறை இது: பிஎச் 6.24, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், மொத்தக் கன அளவு 2.6 மில்லிலிட்டர், ஒளிப்பாதை 1 சென்டிமீட்டர் என்ற நிலைமைகளில், மைக்ரோகாக்கஸ் செல்களின் கலங்கலில் 450 நானோமீட்டர் அலைநீளத்து ஒளி உட்கவர்வை நிமிடத்துக்கு 0.001 வீதம் குறைக்கும் நொதியின் அளவு ஓர் அலகு. பெரும்பாலான நொதிகளுக்கு நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் வினைப்பொருளை மாற்றும் அளவை அலகு என்கிறோம். லைசோசைமின் அலகு அதுபோன்றதல்ல. கலங்கல் தெளியும் வேகம் மட்டுமே. ஆகவே, 40,000 அலகு என்று படித்து இதை வேறொரு நொதியின் 40 அலகோடு ஒப்பிடுவது பொருளற்றது. மருந்தியல் தரநூல் வழியில் அலகு குறிக்கப்பட்ட புட்டிகளும் உள்ளன. அந்த எண்ணும் இந்த எண்ணும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. 66 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபாஸ்பேட் பஃபரில், உலர்ந்த மைக்ரோகாக்கஸ் செல்களை 0.6 முதல் 0.7 வரை ஒளி உட்கவர்வு காட்டுமாறு கலக்குகிறீர்கள். அதில் 2.5 மில்லிலிட்டர் எடுத்து, ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற செறிவிலுள்ள நொதிக்கரைசலில் 0.1 மில்லிலிட்டர் சேர்க்கிறீர்கள். உட்கவர்வு நிமிடத்துக்கு 0.022 குறைகிறது, நொதி சேர்க்காத குவளையில், செல்கள் தாமாகப் படிவதால், 0.002 குறைகிறது. வேறுபாடு 0.020, அதாவது 20 அலகு. நீங்கள் சேர்த்தது 0.5 மைக்ரோகிராம், அதாவது 0.0005 மில்லிகிராம். 20ஐ 0.0005ஆல் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு 40,000 அலகு.

இந்தச் சோதனையில் பிழை நுழையும் வாயில்கள் மூன்று. செல்களைக் கலக்கிய பிறகு அதிக நேரம் விட்டுவிட்டால் அடியில் படியும். நொதிக்கரைசல் செறிவாக இருந்தால் முதல் அரை நிமிடத்திலேயே நேர்கோடு வளைந்துவிடும். எனவே ஆரம்ப வேகத்தை மட்டும் எடுக்க வேண்டும். இவ்வளவு நீர்த்த நிலையில் நேர்மின்னூட்டமுள்ள புரதம் கண்ணாடிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலை அன்றன்று தயாரித்துப் பனிக்கட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்துவதே வழி.

பத்து மில்லிகிராம் தூளை நிறுத்தேன். பத்து மில்லிகிராம் நொதி இருக்குமா?

இருக்காது. தூளில் பஃபர் உப்புகளும் ஈரமும் கலந்திருக்கும். புரத விழுக்காட்டைத் தனியே குறித்த லேபிள்களும் உண்டு, குறிக்காதவையும் உண்டு. நல்வாய்ப்பாகக் கோழி லைசோசைமில் டிரிப்டோஃபான்கள் ஆறு இருப்பதால் 280 நானோமீட்டரில் ஒளியை வலுவாக உட்கவரும்: ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைசல் 2.64 காட்டும். நீர்த்து அளந்து பெருக்கிக்கொண்டால் இரண்டு நிமிட வேலை. புரதத்தின் அளவு சரியாகத் தேவைப்படும் சோதனைக்குத் தராசை நம்பாதீர்கள்.

எப்படிச் சேமிப்பது? கரைசலாக வைக்கலாமா?

தூளை லேபிளில் சொன்னபடி குளிர்பதனப் பெட்டியிலோ மைனஸ் 20 டிகிரியிலோ வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். புட்டியை வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த தூளின்மேல் காற்றின் ஈரம் படிந்தால் கட்டியாகிவிடும். கடலோர ஊர்களின் ஆய்வகங்களில் இதற்கு ஒரே மழைக்காலம் போதும். கரைசலாக வைக்க வேண்டுமெனில் பிஎச் 4 முதல் 5 வரையிலான கரைசல் குளிரில் சில வாரங்கள் வேகம் குன்றாமல் இருக்கும். டிரிஸ் பஃபரில், பிஎச் 8இல் கரைத்ததைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காமல் பயன்படுத்துவது நலம்.

ஈ.கோலை செல்களை உடைக்க எவ்வளவு சேர்ப்பது?

பிஎச் 8 டிரிஸ் பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 1 மில்லிகிராம் வரை சேர்த்து, பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைப்பது வழக்கம். ஆனால் வெறும் லைசோசைம் ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தாண்டாது. அச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடு அடுக்கைக் கால்சியம், மக்னீசியம் அயனிகள் பிடித்துவைத்துள்ளன. உலோக அயனிகளைப் பற்றும் வேதிப்பொருளான இடிடிஏ அந்த அயனிகளைப் பறித்துக்கொண்டால்தான் வழி திறக்கும். 1956இல் ரெபாஸ்கி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கூட்டணி வழக்கத்துக்கு வந்தது. உப்புச் செறிவு மிகுந்தால் நொதியின் வேகம் குறையும் என்பதையும் கவனியுங்கள். அரை மோலார் சோடியம் குளோரைடு உள்ள பஃபரில் லைசோசைமைச் சேர்த்துவிட்டு, செல் உடையவில்லை என்று நொதியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. செல்களை ஒருமுறை உறைய வைத்து உருக்குவது, பின்னர் மீயொலியால் சிறிது நேரம் அதிர்ப்பது ஆகியவற்றை இத்துடன் சேர்த்தால் போதும்.

பிளாஸ்மிட் பிரிப்பதற்கு லைசோசைம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 1979இல் பிர்ன்போயிம், டோலி ஆகியோர் வெளியிட்ட காரக் கரைப்பு முறையில் அது இருந்தது. காரமும் சோப்புப் பொருளும் சேர்ந்தே ஈ.கோலையை உடைத்துவிடுவதால் பின்னாளில் பெரும்பாலான செய்முறைகள் அதைக் கைவிட்டன.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவில் டிஎன்ஏ வரவில்லை, ஏன்?

எந்த இனம் என்பதைப் பொறுத்தது. பேசில்லஸ் எளிதில் கரையும்: மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில், 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் மேலே சொன்ன அசிட்டைல் கவசம் இருப்பதால் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. அதற்கு லைசோஸ்டாஃபின் வேண்டும், அது சுவரின் கிளைசின் பாலங்களை வெட்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் ஆகியவற்றுக்கு மியூட்டனோலைசினைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். மைக்கோபாக்டீரியாவின் மெழுகுச் சுவருக்கு மணிகளோடு குலுக்கி உடைப்பதே நம்பகமானது. ஆர்க்கியாக்களைப் பொறுத்தவரை, அவற்றில் பெப்டிடோகிளைக்கானே இல்லை; அதை ஒத்த சுவர் கொண்ட சிலவற்றிலும் பிணைப்பு பீட்டா-1,3 வகை. லைசோசைமுக்கு அங்கே வேலையே இல்லை. சர்க்கரை நிறைந்த ஊடகத்தில் நெடுநேரம் வளர்ந்து முதிர்ந்த செல்களைவிட, வளர்ச்சி வேகமாக நடக்கும் கட்டத்தில் அறுவடை செய்தவை எளிதில் கரையும் என்பது அனுபவம்.

சுத்திகரிப்பில் பின்னால் என்ன தொல்லை தரும்?

முதலாவது, ஜெல்லில் 14 கிலோடால்டன் இடத்தில் தெளிவான ஒரு பட்டை தோன்றும். அதைத் தம் புரதத்தின் துண்டு என்று எண்ணி மாதக்கணக்கில் துரத்தியவர்களை அறிவேன். நானும் முதலாண்டில் மூன்று வாரம் துரத்தியிருக்கிறேன். லைசோசைமை மட்டும் ஒரு வரிசையில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். இரண்டாவது, நேர்மின்னூட்டத்தால் அது டிஎன்ஏவோடும், எதிர்மின்னூட்டமுள்ள புரதங்களோடும், நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் பத்திகளோடும் (புரதத்தைப் பிரிக்கும் குழாய்களோடும்) ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது இடிடிஏ சார்ந்தது: நிக்கல் பத்தியில் ஊற்றினால் நிக்கலை உருவிக்கொண்டு போய்விடும். நான்காவதும் அதைச் சார்ந்ததே. செல் உடைந்ததும் வெளிவரும் டிஎன்ஏவால் கரைசல் பசைபோல் ஆகும், அதைத் தணிக்க டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியைச் சேர்ப்போம்; அந்த நொதிக்கு மக்னீசியம் வேண்டும், மக்னீசியத்தை இடிடிஏ பிடித்து வைத்திருக்கும். ஆகவே, இடிடிஏவின் அளவை மிஞ்சுமாறு மக்னீசியம் குளோரைடு சேர்த்த பிறகே டிஎன்ஏஸைச் சேர்க்க வேண்டும்.

கொதிக்க வைத்த லைசோசைமை எதிர்க் கட்டுப்பாடாக (நொதி செயல்படாத ஒப்பீடாக) வைக்கலாமா?

சிந்தித்துத்தான் வைக்க வேண்டும். இது வெப்பத்துக்கு அசாதாரணமாகத் தாங்கும் புரதம். அமிலக் கரைசலில் 75 டிகிரி வாக்கில்தான் விரியத் தொடங்கும், ஆற விட்டால் திரும்ப மடிந்தும் கொள்ளும். எனவே சில நிமிடம் கொதிக்க வைத்து “செயலிழந்தது” என்று எழுதுவது தவறாக முடியலாம். செயலிழந்ததா என்பதை மைக்ரோகாக்கஸ் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். அது உறுதியான பின்னும் ஒரு சிக்கல் எஞ்சும். வெட்டும் திறன் இழந்த லைசோசைமே சில பாக்டீரியாக்களைச் சவ்வு வழியாகக் கொல்லும். உங்கள் கேள்வி “நொதிவினையால்தான் செல் செத்ததா?” என்பதாக இருந்தால், வினைமையத்தில் திரிபு செய்த புரதத்தையும், அதே அளவு நேர்மின்னூட்டமுள்ள வேறொரு சிறு புரதத்தையும் சேர்த்து ஒப்பிடுவதே நேர்மையான சோதனை.

நோயெதிர்ப்பியலாளர்கள் இதை நொதியாகப் பயன்படுத்துவதே இல்லையாமே?

ஓரளவு உண்மை. அவர்களுக்குக் கோழி லைசோசைம் ஒரு மாதிரி எதிர்ப்பொருள்தூண்டி. கோழிமுட்டை லைசோசைம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எச்இஎல் என்றே அழைப்பார்கள். சிறியது, தூய்மையானது, வரிசை 1963லிருந்தும் வடிவம் 1965லிருந்தும் தெரிந்தது, எலியின் சொந்த லைசோசைமிலிருந்து போதிய அளவு வேறுபட்டது: இவ்வளவும் ஒருசேரக் கிடைக்கும் புரதம் அன்று வேறு இல்லை. ஒரு புரதத்தை எதிர்ப்பொருள் எப்படிப் பிடிக்கிறது என்பதை அணுநிலையில் முதன்முதலில் காட்டிய 1986ஆம் ஆண்டுப் படிக ஆய்வில் இருந்ததும் டி1.3 என்ற எதிர்ப்பொருளோடு இணைந்த இதே லைசோசைம்தான். 1988இல் கிறிஸ்டோபர் குட்னோவும் உடன் பணியாற்றியோரும் இதையே தன் புரதமாக உற்பத்தி செய்யும் எலிகளையும், இதற்கு எதிரான பி செல்களை மட்டுமே பெரும்பாலும் கொண்ட எலிகளையும் கலந்து, தன் உடலுக்கு எதிரான பி செல்கள் எப்படி அடக்கப்படுகின்றன என்று காட்டினர்.

அத்தகைய வேலைக்கு வாங்குவோர் அலகு எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. தூய்மையையும் எண்டோடாக்சின் அளவையும் பார்க்க வேண்டும். சாதாரணத் தரத் தூளில் பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது எண்டோடாக்சின், கலந்திருக்கக்கூடும். மேக்ரோஃபேஜ்களின்மேல் அதை ஊற்றிவிட்டு, சைட்டோகைன் பெருகியதை லைசோசைமின் விளைவு என்று எழுதுவது இத்துறையில் நிகழும் பழைய பிழை.

“லைஸ்எம்” எலிகளுக்கும் இந்த நொதிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எலிகளுக்கு லைசோசைம் மரபணு இரண்டு. ஒன்று முதன்மையாகப் பானெத் செல்களிலும், மற்றொன்று மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் செல்களிலும் வேலை செய்கிறது. லைஸ்எம் எனப்படும் அந்த இரண்டாவது மரபணுவின் இயக்கத்தில், டிஎன்ஏவை வெட்டி இணைக்கும் கிரி ரீகாம்பினேஸ் நொதியை வைத்துத்தான் மயலாய்டு செல்களில் (மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் போன்றவற்றில்) மட்டும் ஒரு மரபணுவை நீக்குகிறார்கள்.

படிகமாக்கிப் பழக இதையே ஏன் தருகிறார்கள்?

தோற்காது என்பதால். பிஎச் 4.5 வாக்கிலுள்ள சோடியம் அசிடேட் பஃபரில், சாதாரண உப்பைச் சேர்த்து ஆவிப் பரவல் முறையில் வைத்தால் மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியும் படிகங்கள் இருக்கும். வெள்ளைக்கருவிலேயே 5 விழுக்காடு உப்பைச் சேர்த்து, காரத்தன்மை கூட்டி, நேரடியாகப் படிகமாக்கும் முறையை ஆல்டர்டனும் ஃபெவோல்டும் 1946இல் வெளியிட்டனர். எக்ஸ்ரே படிகவியலால் முப்பரிமாண வடிவம் அறியப்பட்ட முதல் நொதியும் இதுவே. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அதைக் கண்டு 1965இல் வெளியிட்ட கட்டுரையின் ஆறு ஆசிரியர்களில் ஃபிலிப்ஸோடு வி. ஆர். சர்மாவும் ஒருவர். தடுப்பான் எந்தப் பிளவில் அமர்கிறது என்று அங்கேயே காட்டிய லூயிஸ் ஜான்சன் அப்போது ஆய்வு மாணவி.

அமிலாய்டு ஆய்வில் இதன் இடம் என்ன?

மனித லைசோசைம் மரபணுவில் 56ஆம் இடத்து ஐசோலூசினோ 67ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலமோ மாறியிருக்கும் குடும்பங்களில், அந்தப் புரதம் உறுப்புகளில் நாராகப் படிவதை 1993இல் பெப்பிஸ் குழுவினர் அறிவித்தனர். ஆய்வகத்தில் கோழி லைசோசைமைப் பிஎச் 2 அளவிலான அமிலத்தில் 60 டிகிரி வாக்கில் நாள்கணக்கில் வைத்தால் ஒத்த நார்கள் உருவாகும்.

இதைக் கையாள்வதில் ஆபத்து உண்டா? மருந்தாகக் கொடுக்கலாமா?

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கால் டி 4 என்ற பெயரில் முட்டையின் ஒவ்வாமைப் புரதங்களின் பட்டியலில் இது உள்ளது. தூளை மூச்சில் இழுத்தால் காலப்போக்கில் ஆஸ்துமா போன்ற எதிர்வினை வரலாம். எனவே முகக்கவசம் அணிந்து, காற்றோட்டப் பெட்டிக்குள் எடை போடுங்கள்.

ஆய்வுத் தரப் புட்டியை மனிதருக்கோ விலங்குகளின் சிகிச்சைக்கோ பயன்படுத்தக் கூடாது. பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க ஈ 1105 என்ற எண்ணில் இதை உணவில் சேர்க்கிறார்களே என்று சிலர் வாதிடுவார்கள். அது உணவுத் தரத்தில் தனியே தயாரித்துச் சோதிக்கப்பட்டது. உங்கள் கையிலுள்ள புட்டி அப்படிச் சோதிக்கப்படவில்லை. மாத்திரையாகவும் இது பல நாடுகளில் விற்கப்பட்டதுண்டு. ஜப்பானில் நெடுங்காலம் விற்பனையில் இருந்த அத்தகைய மாத்திரைகள், மறுமதிப்பீட்டில் பயன் நிறுவப்படாததால் 2016இல் விலக்கிக்கொள்ளப்பட்டன.

காலாவதி நாள் கடந்த புட்டியை எறிந்துவிட வேண்டுமா?

தூள் வெண்மையாகவும் உதிரியாகவும் இருந்தால் எறிய வேண்டாம். மேலே சொன்ன மைக்ரோகாக்கஸ் சோதனையைச் செய்து, கிடைத்த அலகை நாளோடு சேர்த்துப் புட்டியின்மேல் எழுதி ஒட்டுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் செல் உடைக்கும் வேலைக்கு இரண்டு மடங்கு எடுத்தால் போதும். அளவீட்டுக்கோ எதிர்ப்பொருள்தூண்டியாகவோ பயன்படுத்துவதற்கு மட்டும் புதிய புட்டியைத் திறவுங்கள்.